ஒரு கார் சீட்டும் எண்ணூறு கிராமும்

முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் வண்டியில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். மோட்டார் வாகன ஆய்வாளர். லாரியோ பள்ளி வேனோ, ஒரு சுற்று சுற்றி, குனிந்து பார்த்து, டயரை ஓர் உதை உதைத்து, "பெயில்" என்று சொல்லும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். (உதைப்பதால் டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உதைக்காவிட்டால் யாரும் நம்மை மதிப்பதில்லை, அவ்வளவுதான்.) அப்படிப்பட்ட என்னை, சென்னை விமான நிலையத்தின் வாகன நிறுத்தத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஒருத்தி பெயிலாக்கினாள். என் மகள் சுதா.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது. சுதா கல்யாணமாகிப் பிரான்சில் இருக்கிறாள். பேத்தி இனியா அங்கேதான் பிறந்தாள். பதின்மூன்று மாதம் அந்தப் பிள்ளையை நான் உள்ளங்கை அகலத் திரையில் மட்டுமே பார்த்தேன். பேச ஆரம்பித்ததும் அவள் போனை வாய்க்குள் விட்டுக்கொள்வாள், திரை இருட்டிவிடும். அதை முத்தம் என்று நான் கணக்கில் வைத்துக்கொண்டேன். "பல்லு வருதுங்க, அரிக்குது. அதான் கடிக்கிறா" என்பாள் என் மனைவி விமலா. இரண்டு பேருமே அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் சுதா, தானும் பிள்ளையும் பதினைந்து நாள் வருவதாகச் சொன்னாள். அடுத்த மூச்சிலேயே நிபந்தனை.

"அப்பா, கார் சீட் இல்லாம புள்ளய வண்டியில ஏத்த மாட்டேன். பின்பக்கம் பாத்த மாதிரி வைக்கிற சீட். அவ வெயிட்டுக்குப் பாத்து வாங்கு."

"பின்பக்கம் பாத்து உக்கார அவ என்ன கண்டக்டரா?"

"சிரிக்காதப்பா. சடனா பிரேக் போட்டா அந்தக் கழுத்து தாங்காது. நீ வண்டி பாத்த ஆளு, ஒனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். விதி எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு வேறொரு திட்டம் இருந்தது. சென்னையிலிருந்து புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் இனியா என் மடியில் வரவேண்டும். அதுவும் முன் சீட்டில், கடலைக் காட்டிக்கொண்டே. பதினைந்து நாளில் பாதி சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும்; மிச்சம் உறவுக்காரர்களுக்கு. எனக்கென்று உறுதியாகக் கிடைக்கக்கூடியது அந்தப் பயணம் ஒன்றுதான். ஆகவே அரசு ஊழியனுக்கே உரிய முறையில் முடிவெடுத்தேன்: சீட் வண்டியில் இருக்கும், பிள்ளை மடியில் இருக்கும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தால் போதாதா?

இந்த ஆசைக்கு ஒரு பழைய காரணம் உண்டு. சுதா சின்னவளாக இருந்தபோது ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கு வருவாள். கைப்பிடியை அவளும் பிடித்திருப்பாள். தலை என் தாடைக்குக் கீழே இருக்கும். எண்ணெய் வாசனை அடிக்கும். கடற்கரைச் சாலையில் காற்றுக்கு அவள் முடி என் வாய்க்குள் வரும். (ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் வந்தவர்களை அன்று காலையில்தான் நிறுத்தி அபராதம் போட்டிருப்பேன்.)

கடைக்குப் போனேன். விற்பனையாளர், "கொழந்த எத்தினி கிலோ சார்?" என்றார்.

"ஒம்பது. ஆனா வளருவா."

நம் வீடுகளில் பள்ளிச் சீருடையை எப்படி எடுப்போம்? இரண்டு அளவு பெரிதாக. பாவாடையில் மடிப்பு வைத்துத் தைத்து வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவோம். அதே நியாயத்தில் அங்கிருந்ததிலேயே பெரிய சீட்டை எடுத்தேன். பெட்டியில் 'பதினைந்து கிலோவுக்கு மேல்' என்று தமிழ் தவிர மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தது. மூன்றையும் படித்தேன். எதையும் மதிக்கவில்லை.

பொருத்துவதற்குக் கபூர் பாயிடம் கொண்டுபோனேன். கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய வேனை ஒரு காலத்தில் மூன்று முறை பெயிலாக்கியிருக்கிறேன். அப்படி ஆரம்பித்த நட்பு. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல வார் ஒண்ணுமே இல்லியே. காரு பெல்ட்டதான் போடணும். இது ஸ்கூல் போற பசங்க சீட்டு சார். கைக்கொழந்தைக்கு பெல்ட்டு மூஞ்சி மேல வரும்."

"வளருவா பாய்."

"ஏர்போர்ட்டுலேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ளயா?"

நான் மசியாததைப் பார்த்து அவரே, "சரி, அந்த பிளாஸ்டிக்கையாவது பிரிங்க சார், வழுக்கும்" என்றார். புதுப்பொருளின் உறையை வாங்கிய வாரத்திலேயே பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டேன்.

ஆனாலும் ஆய்வாளன் அல்லவா? சோதனை ஓட்டம் இல்லாமல் சான்று தரக்கூடாது. பிள்ளை ஒன்பது கிலோ. கையில் கிடைத்தது பத்துக் கிலோ அரிசிப் பை. அதை சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டு மூலக்குளம் வரை ஓட்டினேன். வில்லியனூர் சாலையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். நாய் பிழைத்தது. பை, பிளாஸ்டிக்கில் சறுக்கி, பெல்ட்டுக்கு அடியில் நுழைந்து, முன் சீட்டின் முதுகில் மோதி வெடித்தது. கார் முழுக்கப் பொன்னி அரிசி.

மூளையுள்ளவன் அங்கேயே வண்டியைத் திருப்பி சீட்டை மாற்றியிருப்பான். நான் ஓரமாக நிறுத்தி, கூட்டி அள்ளி, மனசுக்குள் அறிக்கை எழுதினேன்: 'அரிசிக்குத் தோள் கிடையாது. ஆகவே சோதனை செல்லாது.'

அவர்கள் வந்திறங்கிய அன்று காலை எட்டு மணிக்கு விமான நிலையத்தில் இருந்தோம். விடியுமுன் இருட்டில் ஓட்ட எனக்குக் கண் சரியில்லை என்று கபூர் பாய்தான் ஓட்டிவந்தார். இனியா திரையில் தெரிந்ததைவிடச் சின்னதாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை, சிரிக்கவுமில்லை. வாங்க நான் கை நீட்டினேன். அதற்குள் சுதா கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

ஒரு சுற்று சுற்றினாள். குனிந்தாள். சீட்டைப் பிடித்து ஆட்டினாள். அது தொட்டில் மாதிரி ஆடியது. பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள்.

"என்னப்பா இது, அரிசி?"

நான் வானத்தைப் பார்த்தேன். நடந்ததைக் கபூர் பாயிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் இருபது வருஷமாக இதற்குக் காத்திருந்தவர் மாதிரி, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். விமலா தலையில் கை வைத்தாள். "எறும்பு அரிசியத் தூக்கிட்டுப் போவுதுன்னு நான் ரெண்டு நாளா கார் ஷெட்டத் தொடச்சிக்கிட்டு இருக்கேன்!"

"அப்பா, இது பெயில்" என்றாள் சுதா.

"சரிம்மா, சீட்டு இருக்கட்டும். நான் முன்னாடி மடியில வச்சிக்கிறேன். கெட்டியா புடிச்சிப்பேன். ஒன்ன அப்படித்தானே ஸ்கூட்டர்ல…"

சுதா கிட்டே வந்தாள். முகவாயைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு வெள்ளைக் கோடு. மூன்று தையல்.

"அன்னிக்கும் கெட்டியாத்தான் புடிச்சிருந்தப்பா."

ஆஸ்பத்திரியில் அவளுடைய ரத்தம் காயாத சீருடையை மடித்து வைத்துக்கொண்டு நின்றவன் நான்தான். வாசனையை எல்லாம் ஞாபகம் வைத்திருந்தவன், அதை மட்டும் எப்படியோ தனிக் கோப்பில் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். சுற்றிலும் அத்தனை டயர், ஒன்றையும் உதைக்கத் தோன்றவில்லை.

தாம்பரத்தில் இருக்கும் தோழிக்குப் போன் செய்தாள் சுதா. தோழியின் மகன் உட்கார்ந்து வளர்ந்த சீட் ஒன்று இருந்தது. "எங்கியும் இடி கிடி வாங்கலையே?" என்று கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தாள். மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு, பரணில் இருப்பதை இறக்கிக் கொண்டுவர மூன்று மணி நேரமாகும் என்றாள் தோழி.

"அதுவரைக்கும்?" என்றேன்.

"வண்டி நிக்கிதில்ல? வச்சுக்கோ" என்று பிள்ளையை என்னிடம் கொடுத்தாள்.

கதவு நான்கும் திறந்திருக்க, நகராத காரின் பின் சீட்டில் உட்கார்ந்தேன். இனியா என் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், காதைத் திருகினாள். முழு ஆய்வு. பிறகு தாடைக்குக் கீழே தலையைச் செருகித் தூங்கிப்போனாள். எண்ணெய் வாசனை இல்லை. வேறு ஏதோ சோப்பு. கை மரத்தது. மாற்றிக்கொள்ளவில்லை. கடல் இல்லை, எதிரே ஒரு தூண், அதில் ஓர் எண். அதையே காட்டினேன். கபூர் பாய் டீ வாங்கிவந்து நீட்டியபோது தலையை மட்டும் ஆட்டினேன். தோழி வழியில் மாட்டிக்கொண்டு இன்னும் தாமதமாகட்டும் என்று மனசார வேண்டினேன். சரியான நேரத்துக்கு வந்துவிட்டாள், நல்ல பெண்.

சுதா பின்பக்கம் பார்த்தபடி அந்த சீட்டைப் பொருத்தினாள். முழங்காலை ஊன்றி பெல்ட்டை இழுத்தாள், ஆட்டினால் அசையவில்லை. பிள்ளையை உட்காரவைத்து, தோள் வாரைக் கிள்ளிப் பார்த்தாள். விரலில் சிக்கவில்லை. "பாஸ்" என்றார் கபூர் பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் இனியா ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெரிய சீட் இப்போதும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. உறையைப் பிரித்துவிட்டேன். துவைத்த துணியை விமலா அதன்மேல்தான் அடுக்குகிறாள். வீட்டில் யார் எந்தத் திட்டம் சொன்னாலும், "அரிசி வச்சுப் பாத்தாச்சா?" என்பது வழக்கமாகிவிட்டது. இனியாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, திரையில் என்னைப் பார்த்ததும், "தாத்தா பெயில்!" என்று கத்துவாள். அவள் தமிழில் சொன்ன முதல் வாக்கியம் அது, சுதா சொல்லிக்கொடுத்தது.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. வரும் கோடையில் வருகிறார்களாம். மாதம் ஒருமுறை சுதா அவளை எடைக் கருவியில் நிறுத்தி எனக்குக் காட்டுவாள். போன வாரம் பதினாலு கிலோ இருநூறு. இன்னும் எண்ணூறு கிராம் ஏறினால், அப்புறம் வயசும் உயரமும் ஒத்துவந்தால், என் சீட் பாஸ்.

"சீக்கிரம் வளந்து வாடி தங்கம்" என்கிறாள் விமலா திரையைப் பார்த்து.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் மட்டும் அந்த வேண்டுதலில் சேர்வதில்லை. முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: சில கோப்புகளை அவசரப்பட்டு முடிக்கக்கூடாது.