மர வாத்துகளுக்கு ஒரு மோசமான கடை

இருப்பதிலேயே மோசமான கடையைத் தேடிப் பிடிப்பது என்று ஹார்லன் முடிவு செய்தார்.

காரணம், மனைவி வெர்னா. பனி விழுவதற்குள் தன் கார் கராஜுக்குள் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கராஜிலோ ஹார்லனின் மர வாத்துகள். ஏரியில் மிதக்கவிட்டு, நிஜ வாத்தை ஏமாற்றி வரவழைக்கிற பொம்மைகள். முட்டி வலி வந்து வேட்டை நின்றுபோனது. வாத்துகள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின. விஸ்கான்சின் குளிரில் வாத்துகளுக்குக் கம்பளி. கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவது வெர்னா.

"இணையத்துல ஏலம் விட்டுத் தர்ற கடைங்க இருக்கு. கொண்டுபோய்க் குடுத்தா அவங்களே வித்துடுவாங்க" என்றாள்.

"நம்பிக்கையான கடையா இருக்கணுமே."

"அப்ப நீயே தேடு."

ஒருமுறை, மீன்பிடிக்கப் போகும்போது அவர் போடுகிற கோட்டு ஒன்றைத் தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனைக்குத் தூக்கிக் கொடுத்தவள் இவள். அதை வாங்கிய பல் டாக்டர் இன்றும் போட்டுக்கொண்டு திரிகிறார். ஹார்லன் பல் வலியைப் பொறுத்துக்கொள்கிறாரே தவிர, அவரிடம் போவதில்லை.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது. சோம்பேறிக் கடையாகப் பார்த்துக் கொடுத்தால் வாத்துப் பெட்டிகள் மூலையில் கிடக்கும். வசந்தம் வந்ததும், விலைபோகவில்லை என்று திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். கடைகளைப் பற்றி இணையத்தில் வாடிக்கையாளர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். புகழ்ந்திருந்த கடைகளைத் தள்ளினார். கடைசியில் கெர்ஹார்ட் என்பவனின் கடை கிடைத்தது. பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்று ஒருத்தர். போனை எடுக்கமாட்டான் என்று இன்னொருத்தர். இவனிடம் பொருளைக் கொடுப்பதும், என் வீட்டுக்காரரைக் கூரைத் தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணச் சொல்வதும் ஒன்றுதான் என்று மூன்றாவது. ஹார்லன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். யாரோ பாவப்பட்ட மனுஷன்.

பெட்டிகளை இறக்கியபோது கெர்ஹார்ட் கொட்டாவி விட்டான். ஹார்லனுக்கு நிம்மதியாக இருந்தது.

பனி உருகியதும் போனார். மூலை காலியாக இருந்தது.

"எல்லாம் முதல் வாரமே போயிடுச்சுங்க" என்றான் கெர்ஹார்ட். "ஒவ்வொண்ணையும் அடிவயிறு வரைக்கும் படம் எடுத்துப் போட்டேன். அடிச்சுப் பிடிச்சு ஏலம் கேட்டாங்க. வீட்டம்மா சொல்லலியா? ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல எங்ககூடத்தானே பாடுறாங்க."

ஹார்லன் மெதுவாக வீட்டுக்கு வந்தார். வெர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடையப் பத்தி அவ்வளவு கேவலமா எழுதியிருந்துச்சே" என்றார்.

"நான்தான் எழுதினேன். கெர்ஹார்ட்கிட்ட சொல்லிட்டுத்தான். நல்லபடியா எழுதியிருந்தா நீ அந்தப் பக்கம் போயிருப்பியா?"

ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பெட்டிய இறக்கின அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அந்தக் கூரைக் குழாய் விஷயத்த மட்டும் அழிக்கல. அது ஒண்ணுதான் நிஜம்."

ஹார்லன் ஏணியை எடுக்கப் போனார். ஏணி கராஜில், வெர்னாவின் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. கார்ச் சாவியைக் கேட்கத் திரும்பி வந்தார்.