அக்காவை அக்காவாக நடிக்கச் சொன்னேன்

என் அக்கா எஸ்தருக்கு ஆட்டிசம். அது அவளுக்குச் சரியாக வரவில்லை என்று நினைத்து, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். இதை எழுத எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது நீடாமங்கலம் பக்கத்து வயல்களில் ஒரு சினிமா யூனிட் வந்து இறங்கியிருந்தது. கதாநாயகனின் தங்கைக்கு ஆட்டிசம் என்று கதை. அந்த வேடத்தில் நடிக்கும் சென்னைப் பெண் பார்த்துப் பழக நிஜ ஆள் ஒருவரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "எங்க வீட்டுல இருக்காங்க சார்" என்று டைரக்டரிடம் நானே போய் நின்றேன். (டைட்டிலில் 'நன்றி: ஜெபா டீச்சர்' என்று போடுவார்கள் என்ற நப்பாசைதான்.) அக்காவைக் கேட்கவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் டைரக்டரும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. விதைக்கடையில் பாக்கெட் போடும் வேலை. கடையிலிருந்து வந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் "வாங்க" என்றாள். டைரக்டர் பெரிய பெருக்கல் கணக்கு ஒன்று கேட்டார். உங்கள் போனில் கால்குலேட்டர் இருக்குமே என்றாள். தன் பிறந்த தேதியைச் சொல்லி என்ன கிழமை என்று கேட்டார். உங்கள் அம்மாவைக் கேளுங்கள் என்றாள். அரை மணி நேரத்தில் மொச்சை முடிந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

வாசலில் டைரக்டர் என்னைத் தனியே அழைத்து, "ரொம்ப சாதாரணமா இருக்காங்களேம்மா" என்றார். விலைக்கு வாங்க ஆள் வந்த நாளில் பால் கறக்காத மாட்டின் சொந்தக்காரி மாதிரி எனக்கு மானம் போயிற்று. (எவ்வளவு கேவலமான நினைப்பு என்று இப்போது தெரிகிறது.) இன்றைக்கு அவளுக்கு மூட் சரியில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சமாளித்தேன்.

எங்கள் சபையில் வருடாவருடம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவது நான். மேய்ப்பர்களாக வரும் மீசைக்காரர்களையே அழ வைத்தவள். அந்தத் திமிரில் அக்காவுக்கு ஒத்திகை தொடங்கினேன். சினிமாவில் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆட வேண்டும், விரல்களைச் சுழற்ற வேண்டும், மின்விசிறியைப் பார்த்து எண்கள் சொல்ல வேண்டும். நானே ஆடிக் காட்டினேன். அக்கா கவனமாகப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். அவள் பாட்டுக்குப் புடவை நுனியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதும் செய்வது. கேமராவில் எடுபடாது என்று அதை விட்டுவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் கேமரா, விளக்கு, ஐந்தாறு ஆட்கள். சும்மா பார்த்துக்கொள்ளத்தான் என்றார் டைரக்டர். அக்கா நடுக்கூடத்தில் வந்து நின்று என் பக்கம் திரும்பினாள்.

"ஜெபா, நான் இப்ப எப்படி இருக்கணும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்தச் சத்தத்தை அக்காவால் தாங்க முடியாது. காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள், உடம்பெல்லாம் நடுங்கியது. "இதான், இதான் வேணும். எடு எடு" என்றார் டைரக்டர். நான் மறிக்கப் பாய்ந்தேன். வயரில் கால் மாட்டி, நானும் கேமராமேனும் ஒரு குண்டான் இட்லி மாவும் ஒன்றாகத் தரையில் விழுந்தோம். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்த வைத்தது அந்தச் சென்னைப் பெண்தான். நான் இல்லை.

எல்லோரும் போன பிறகு, மாவு வழிய அக்காவுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துக் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"நேத்து நான் நல்லாத்தானே இருந்தேன்?" என்றாள்.

"நல்லாத்தான்க்கா இருந்த" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

படம் வெளிவந்து, பிறகு டிவியிலும் போட்டார்கள். படத்தில் அந்தத் தங்கை முன்னும் பின்னும் நன்றாக ஆடினாள், மூச்சுவிடாமல் கணக்குப் போட்டு அண்ணனைக் காப்பாற்றினாள். அக்கா முழுப்படமும் பார்த்துவிட்டு, அந்தப் பொண்ணைக் கடைசிவரைக்கும் யாருமே சாப்பிட்டியான்னு கேக்கலையே என்று வருத்தப்பட்டாள்.

இப்போதும் வீட்டுக்குப் புது ஆட்கள் வந்தால் நான் குரலை மாற்றி, அடுக்கி வைத்த மாதிரி பேச ஆரம்பித்துவிடுவேன். அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்து, "ஜெபா, நாங்கல்லாம் இப்ப எப்படி இருக்கணும்?" என்பாள். வீடே சிரிக்கும், அவளும் சிரிப்பாள். நான் குரலை இறக்கி, வந்தவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.