கிளச் ஒயில் மாற்றிய மருமகன்

புது மருமகனுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. முதலில் தலையாட்டிவிடுவான், பிறகுதான் யோசிப்பான்.

எங்கள் பக்க வழக்கப்படி கலியாணம் முடிந்து மனைவி வீட்டோடு களுவாஞ்சிக்குடியில் குடியேறியிருந்தேன். மாமாவின் பழைய காரில் கிளச் ஒயில் கறுத்துப்போயிருந்தது. யுத்த காலம். பிறேக் ஒயில் (கிளச்சுக்கும் அதைத்தான் ஊற்றுவது) எப்படியோ அரைப் போத்தல் அகப்பட்டது. மறுநாள் மனைவியின் தங்கைக்கு, அதாவது என் மச்சாளுக்கு, மட்டக்களப்பு டவுனில் ஏ.எல். பரீட்சை, பல்கலைக்கழகம் போக எழுதுவது.

"சோதினை முடியட்டும் தம்பி, பிறகு மாத்துவம்," என்றார் மாமா.

"சின்ன வேலை மாமா!" என்றேன்.

உண்மையில் சின்ன வேலைதான். ஒருவர் பெடலை அழுத்த, மற்றவர் கீழேயுள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து பழைய ஒயிலை வெளியே விட வேண்டும். நிப்பிளைப் பூட்டிய பிறகே பெடலிலிருந்து காலை எடுக்கலாம். மனைவியைப் பெடலில் இருத்திவிட்டுக் காருக்கடியில் படுத்தேன்.

"அமத்து!"

"அமத்திட்டன்."

"விடு!"

பூட்டாமலே 'விடு' சொன்னேன், ஒவ்வொரு தடவையும். ஒயில் வந்த வழியால் காற்று உள்ளே போனது. போத்தலும் தீர்ந்தது.

"இஞ்சருங்க, பெடல் கொழகொழ எண்டு கிடக்கு."

"புது ஒயில் அப்பிடித்தான்." (எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.)

காலையில் மாமாவையும் மச்சாளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு மூன்று மிதி மிதித்தால் கிளச் ஏதோ பிடித்தது. கல்லடிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் எஞ்சினை நிறுத்தி எல்லோரும் இறங்கி அடையாள அட்டை காட்டினோம். திரும்பி ஏறினால் பெடல் தரையோடு படுத்துவிட்டது. பின்னால் வாகன வரிசை. முன்னால் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலம்.

வேறு வழியில்லை. கியர் போடாமல் எஞ்சினை இயக்கினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். வெள்ளைச் சீருடையில் மச்சாளும், பாவம் பார்த்த ஒரு சிப்பாயும் சேர்ந்து தள்ளினார்கள். கார் உருண்டதும் கியரைக் குத்தினேன். பாய்ந்தது! அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினால் நடுப்பாலத்தில் மறுபடி செத்துவிடும்.

"அத்தான், நில்லுங்க!"

"நிப்பாட்ட ஏலா!" என்று கத்திக்கொண்டே பாலத்தைத் தனியாகக் கடந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் கார் ஒரு குலுங்கலோடு அடங்கியது. பின் இருக்கையில் அவளுடைய பரீட்சை அனுமதி அட்டையும் பேனைகளும் இருந்தன. பரீட்சை எழுத வேண்டியவளைக் காணோம். குண்டுச் சத்தத்துக்கு நடுவே, குப்பி விளக்கில் இரண்டு வருடம் படித்த பிள்ளை. அட்டையையும் பேனைகளையும் எடுத்துக்கொண்டு வீதிக்கு ஓடி, வந்த வழியையே பார்த்து நின்றேன்.

மணி அடிக்கப் போகிற நேரத்தில் ஓர் உழவு இயந்திரம் வந்தது. அது இழுத்துவந்த பெட்டியில் நெல் மூட்டைகள். அவற்றின் மேல் மச்சாள். பக்கத்தில் வேட்டியைப் பிடித்தபடி மாமா. அவள் குதித்து, அட்டையைப் பறித்து, என்னைப் பார்க்காமலே உள்ளே ஓடினாள்.

பாஸாகி டொக்டரானாள். யுத்தமெல்லாம் முடிந்தபின் சொந்தக் கார் வாங்கி, வீட்டாருக்குக் காட்டக் கொண்டுவந்தாள். மூத்த அத்தானல்லவா, நான் பொனற்றைத் திறந்து உள்ளே குனிந்தேன்.

"தேடாதீங்க அத்தான், இது ஓட்டோ கியர், கிளச் பெடலே இல்ல," என்றாள். "அதுக்காகத்தான் இத வாங்கினன்."