மூன்று குழிகளும் என் மட்டப்பலகையும்

துளசி, நிலவன் இரண்டு பேருக்கும்,

போன கிழமை துளசியின் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்து, முற்றத்து மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள் அல்லவா? அவள் வாசல் படலையைத் தாண்டியதும் துளசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பா, எல்லார் வீட்டு வாசல் முத்தமும் வெள்ளை மணலா வடிவாக் கிடக்கு. எங்கட வீட்டு மூலையில மட்டும் ஏன் ஒரு சேத்துக்குழியும் கோரைப் பத்தையும்?" என்றாள். நிலவன் விடுவானா? "கலியாண வீட்டில அப்பா விளக்குமாத்தைத் தொட்டா மாமா ஏன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்?" என்று அவனும் கேட்டான்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உங்கள் அம்மா சொன்னால் நான் இன்னும் மோசமாகத் தெரிவேன். அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் பிறந்தது நாங்கள் இருக்கிற இந்தத் தீவில் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற ஊர். அங்கே ஒரு மனிதனின் மரியாதை அவனுடைய வயலின் மட்டத்தில் இருக்கும். வயலில் ஒரு மூலை பள்ளமாக இருந்தால் ஊரே கதைக்கும். ஒரு களை தலை நீட்டினால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். (எனக்குப் பெண் கிடைத்ததே அந்த ஒரு தகுதியில்தான். சாதாரண தரப் பரீட்சையில் நான் எடுத்த புள்ளிகளைப் பார்த்து யாரும் தந்திருக்க மாட்டார்கள்.)

கலியாணத்துக்குப் பிறகு கீரி என்ற இந்த ஊர்ப் பக்கம் உங்கள் அம்மாவின் காணிக்கு வந்து குடியேறினேன். வந்த பிறகுதான் எங்கள் வீடு இருக்கிற சின்னச் சந்தின், அந்த ஒழுங்கையின், கதை தெரிந்தது. கடைத்தெருவிலிருந்து வரும் கழிவுநீர் ஓடுகிற கான் எங்கள் ஒழுங்கையின் தலைமாட்டால்தான் கடலுக்குப் போகிறது. மீன் கழுவின தண்ணீர், கராஜ் ஒயில், போத்தல், சொப்பிங் பை எல்லாம் அதில் வரும். வெயில் காலத்தில் அது நாறிக்கொண்டு ஒரு ஓரமாகக் கிடக்கும். மாரி மழை பிறந்தால் எழும்பி ஒழுங்கைக்குள் வந்துவிடும். முன்பெல்லாம் இப்படி இல்லை என்று அம்மா சொன்னா. இப்போது மழை பெய்யாவிட்டால் மாதக்கணக்கில் பெய்யாது, பெய்தால் ஒரு மாதத்து மழை ஒரு மத்தியானத்தில் கொட்டும். அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கின வருடம், துளசி, உனக்கு மூன்று வயது. வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன் கை என் பெருவிரல் அளவுகூட இல்லை. அதிலே ஊசி ஏற்றியிருந்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

அடுத்த வருடம்தான் மிஸ் வந்தா. திருகோணமலைப் பிள்ளை. நிலத்தை வடிவமைக்கிற படிப்பு படித்தவ. அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கான் ஓரத்தில் சும்மா கிடந்த அரசாங்கக் காணியில் ஒரு பூங்கா செய்யப் போகிறோம் என்றா. வேலைக்கு எடுத்த ஆட்களில் எனக்கு வயல்வேலை தெரியும் என்பதால் என்னை மேற்பார்வைக்கு வைத்தா. உடனே எனக்கு ஓவசியர் என்ற பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து ஊர் தாராபுரத்து றிஸ்வான் நானா. மண்வெட்டி பிடிப்பதிலும் ஆட்களை நக்கல் அடிப்பதிலும் அவருக்கு இணை கிடையாது.

பூங்கா என்றதும் நான் ரோசாவை நினைத்தேன். மிஸ் குழி வெட்டச் சொன்னா. ஒன்று இல்லை, மூன்று. ஒன்றைவிட ஒன்று நாலு விரல் தாழ்வாக, இடையில் சின்ன வரம்பு. எந்த வரம்பு எவ்வளவு உயரம் என்று காட்ட ஓரமெல்லாம் சிவப்புத் தலை போட்ட மர முளைகள் அடித்தா. முதல் குழியில் குப்பை மறிக்க வலை. இரண்டாவதில் கோரை. மூன்றாவதில் உப்பு மண்ணில் முளைக்கிற உமிரியும், கடல் பக்கமாகக் கொஞ்சம் கண்டல் மரக் கன்றும்.

"இவ்வளவு படிச்சுப் போட்டு வந்து கிடங்கு வெட்டுறா. எங்கட ஊரில கழுதையே காலால கிண்டித் தரும்" என்றார் நானா.

மிஸ்ஸுக்குக் கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டு சொன்னா: "நானா, தண்ணியைத் துரத்தி விட்டா அது உங்கட வீட்டுக்குத்தான் வரும். இருக்க இடம் குடுத்தா, இருந்து, ஊத்தையை இங்கயே விட்டுட்டு மெல்ல ஆறுதலாப் போகும். அந்தக் கோரை வேரும் சேறும்தான் ஊத்தையைப் பிடிச்சு வைக்கிறது."

நான் பெரிதாகத் தலையாட்டினேன். (விளங்காத இடத்தில் அதிகமாகத் தலையாட்டுவது என்னுடைய பழக்கம். பெற்றார் கூட்டத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.)

வெயில் காலம் முழுவதும் கோரை வளர்ந்தது. கறுப்பாக உள்ளே போன தண்ணீர் மூன்றாம் குழியில் கஞ்சித் தெளிவு போலக் கிடந்தது. கொக்கு வந்தது, நாரை வந்தது. கழுதைகள் வேலிக்கு வெளியே வரிசையில் நின்று ஏக்கத்தோடு பார்த்தன. எல்லாம் சரி. ஆனால் என் கண்ணுக்கு அது வடிவாக இல்லை. மேடும் பள்ளமும் சேறும் களையுமாக, சோம்பேறி ஒருவன் விட்டுப் போன வயல் மாதிரி இருந்தது. அதற்கு நான் ஓவசியர்.

ஐப்பசியில் மிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தா. அரசாங்கக் கந்தோரிலிருந்து பெரிய சேர் ஒருவர், மேலதிகாரி, வந்து பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் அந்தக் காணி பூங்காவுக்கே நிரந்தரமாகும். பிடிக்காவிட்டால் குழிகளை மூடிக் கிரவல் மண் போட்டு வாகனத் தரிப்பிடம் ஆக்கிவிடுவார்கள். அப்புறம் கான் தண்ணீருக்கு எங்கள் ஒழுங்கைதான் கதி.

அவரைக் கூட்டிவர மிஸ் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று நாள். போகும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "அண்ணை, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். வலையில பிடிபட்ட குப்பையை மட்டும் எடுத்துப் போடுங்கோ. மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்."

"ஓம் மிஸ்" என்று தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் நான் வரம்பில் குந்தியிருந்து யோசித்தேன். வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தாலே நாங்கள் என்ன செய்வோம்? முற்றத்தைக் கூட்டுவோம். புல்லைச் செதுக்குவோம். வருவதோ பெரிய சேர். பாவம், மிஸ் எங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறா. நாங்களாகப் பார்த்துச் செய்ய வேண்டாமா?

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டு அம்மா கேட்டா: "அந்தப் பிள்ளை ஒண்டும் செய்ய வேண்டாம் எண்டல்லோ சொன்னது?"

"அது ஒரு மரியாதைக்குச் சொல்லுறது."

"எனக்கெண்டா மரியாதைக்குச் சொன்ன மாதிரித் தெரியேல்லை."

உங்கள் அம்மா சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதைப் பின்னேரம்தான் கண்டுபிடிப்பது என் வழக்கம். அந்த முறை மூன்று நாள் பிந்திவிட்டது.

முதல் நாள் கோரை முழுவதையும் வேரோடு பிடுங்கினோம். றிஸ்வான் நானா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, வெயில் காலம் முழுக்க வளத்ததைப் பிடுங்கிறம். யோசிச்சுத்தான் சொல்லுறியா?"

"நானா, சேர் வந்து பாக்கேக்க களை நிண்டா யாருக்கு அவமானம்?"

"நான் கூலிக்கு நிக்கிறவன். ஓவசியர் சொன்னா நான் கடலையும் கூட்டுவன்."

இரண்டாம் நாள் ஊரிலிருந்து வயலைச் சமன் செய்கிற என் பழைய மட்டப்பலகையைக் கொண்டுவந்தேன். சிவப்பு முளைகள் இடைஞ்சலாக இருந்தன. பிடுங்கி ஒரு சாக்கில் போட்டேன். வரம்புகளை வெட்டிக் குழிக்குள் தள்ளினேன். கடற்கரையிலிருந்து பத்து லோட் வெள்ளை மணல் இறக்கி மேலே பரப்பி, மட்டப்பலகை அடித்தேன். பிள்ளைகளே, அப்படி ஒரு மட்டம்! கோலிக்குண்டு ஒன்றை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றிருக்கும். சேர் கிரவல் போட்டு மூட நினைத்த குழிகளை அவருக்கு ஒரு சதம் செலவில்லாமல் நானே மூடிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஈர்க்கு விளக்குமாறால் அலை அலையாகக் கூட்டினேன். கலியாண வீட்டுக்குக் கொடுக்கிற குரோட்டன் செடிச் சாடிகளை வாடகைக்கு எடுத்து இரண்டு பக்கமும் அடுக்கினேன். தகரப் பந்தல் போட்டு, கதிரைகள் வைத்து, வாசலில் இரண்டு வாழை கட்டினேன். கட்டி முடித்து வேலியில் சாய்ந்து நின்று பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. முதலில் மிஸ் இறங்கினா. நான் வெள்ளை உடுப்போடு வாசலில் நின்றேன். மிஸ் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தா.

"அண்ணை," என்றா, மிகவும் மெதுவாக. "குழியள் எங்க?"

"நிரவிட்டன் மிஸ்."

"கோரை?"

"ஒரு வேர் விடேல்லை மிஸ்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

மிஸ் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. கையில் இருந்த வரைபடச் சுருளை மெல்ல ஜீப்புக்குள் திரும்ப வைத்தா. அதைப் பார்த்தபோதுதான் பாராட்டு வராது என்று எனக்கு விளங்கியது.

பின்னால் இறங்கிய சேர் சுற்றிப் பார்த்தார். "நல்ல துப்புரவா இருக்கே! வொலிபோல் அடிக்கலாம் போல" என்று சொல்லிக்கொண்டு போய் முன் வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். அப்போது நானா என் பக்கம் சாய்ந்து, "ஓவசியர், வானத்தைப் பாரும்" என்றார்.

வடக்கே, வாடைப் பக்கம், கறுத்துக்கொண்டு வந்தது.

மழை அரை மணித்தியாலம்கூடப் பெய்யவில்லை. ஆனால் கடைத்தெருவில் இருந்ததெல்லாம் கானோடு கிளம்பி வந்தது. இருக்க இடம் தேடியது. நான் அடித்த மட்டம் அவ்வளவு சுத்தம் என்பதால், தண்ணீர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவியது. முதலில் போத்தல்கள் வந்தன. பிறகு ஒற்றைச் செருப்பு. பிறகு குழந்தைக்குக் கட்டுகிற ஒரு பம்பஸ், சேரின் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அங்கேயே நின்றது. சேர் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார். என் குரோட்டன் சாடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, ஊர்வலம் போல வாசலை நோக்கிப் போயின. வேலியை நான்தான் அலங்காரத்துக்காகத் திறந்து விட்டிருந்தேன். மழைக்கு ஒதுங்க ஐந்து கழுதைகள் உள்ளே வந்து பந்தலுக்குள் நின்றன. ஒன்று வாழையைத் தின்னத் தொடங்கியது. விருந்தாளிக்குக் கட்டியது, ஏதோ ஒரு விருந்தாளியாவது தின்றதே என்று நானா சொன்னார்.

"யார் இப்பிடி நிரவினது?" சேர் கதிரையில் குந்தியபடியே கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மிஸ் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "நாங்கள்தான் சேர். எங்கட பிழை" என்றா.

"அப்ப அந்தக் குழியள் இருந்திருந்தா?"

"உங்கட கால் சப்பாத்து நனைஞ்சிராது சேர்."

சேர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கழுதையைப் பார்த்தார். கடைசியில், "மாரி முடியேக்க திரும்ப வருவன். அதுக்கிடையில பழையபடி செய்து காட்டுங்கோ. இல்லையெண்டா கிரவல்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் எனக்கு முன்னமே வந்துவிட்டது. முற்றத்தில் போத்தல்கள் மிதந்தன. அம்மா கையில் விளக்குமாறோடு நின்றா. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டினா. "கூட்ட ஆசையெண்டா இதையும் கூட்டுங்கோ." அந்த வசனம்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கலியாணம், சாமத்தியச் சடங்கு எல்லாவற்றிலும் மாமா வாயிலிருந்து வருகிறது. அந்த மாரி முழுவதும் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. ஒழுங்கையில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நான்தான் சைக்கிளில் குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்தேன். யாரும் சுமக்கச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பூங்கா இப்போது நிற்கிறது. நீங்கள் அதன் மேட்டில் ஓடி விளையாடுகிறீர்கள். சேர் திரும்பி வந்ததும், தலையாட்டியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

மழைக்கு அடுத்த நாள் விடியற்காலை நான் தனியாக அங்கே போனேன். பந்தல் சரிந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் வற்றிவிட்டது. ஆனால் குழிகளை மூடிய புது மண் அமிழ்ந்து, தண்ணீர் மூன்று இடத்தில் மட்டும் நின்றது. மிஸ் வெட்டச் சொன்ன அதே மூன்று இடம். நான் மூடியது தண்ணீருக்குத் தெரியவே இல்லை.

வேலிக்குப் பின்னால் நாங்கள் எறிந்த குவியலைக் கிளறினேன். கழுதைகள் தின்றது போக அடியில் ஒரு கோரைக் கிழங்கு ஈரமாகக் கிடந்தது. அதை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைச் சாரத்து மடியில் முடிந்துகொண்டேன். (துளசி, அதைத்தான் நம் முற்றத்து மூலையில் குழி வெட்டி நட்டேன்; உன் தோழி சிரித்தது அதைப் பார்த்துத்தான்.) மறு பாதியை நடுவில் நின்ற தண்ணீருக்குள் இறங்கி, கையால் சேற்றைத் தோண்டி நட்டேன். பிறகு சாக்கை அவிழ்த்து, தண்ணீர் நின்ற ஓரம் பார்த்து, சிவப்பு முளைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன்.