புகழ்ந்தே கிழித்த புகழ்மாலையார்

ஒருவரையும் ஒரு சொல் ஏசாமல் நெடுந்தீவு முழுவதையும் கிழித்துப் போட்ட மனிதர் ஒருவர்தான். மாடு வளர்ப்பவர். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மாடுகளுக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவர் புகழ்மாலையார்.

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். இவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு புகழத் தொடங்குவார். குரலைக் கேட்டால் கோவில் ஆசீர்வாதம். உள்ளே இருப்பது பச்சை மிளகாய். பக்கத்துக் காணிக்காரர் தன் கல்வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் நடக்கிற ஒழுங்கைக்குள் தள்ளியபோது, இவர் போய் வேலியைக் கும்பிட்டார்.

"என்ன பாசம் அண்ணை உங்கட வேலிக்கு! மாரிக்கு மாரி ஒரு அடி முன்னுக்கு வந்து எங்களைச் சுகம் விசாரிக்குது. அடுத்த மாரிக்குக் குசினிக்கே வரும். தேத்தண்ணி போட்டு வைக்கிறம்."

ஒழுங்கையே சிரித்தது. அந்தக் கிழமையே வேலி பின்னுக்குப் போனது.

இந்த வித்தை ஒரேயொரு முறைதான் அவரைக் கவிழ்த்தது. இறங்குதுறையில் ஒரு படி உடைந்து விழுந்திருந்தது. முழங்கால் நோவோடு கிளினிக்குக்குப் படகேறும் எனக்கு, அந்த இடைவெளி கடலைவிடப் பெரிது. துறையின் குறை கேட்க ஓர் அதிகாரி வந்தார். மரியாதைக்காக எங்கள் ஆட்கள் அவரைத் தூக்கியே இறக்கியதால், அந்த இடைவெளி அவர் காலுக்குத் தெரியவில்லை. வரவேற்புரை புகழ்மாலையார்.

"ஐயா, எங்கட கிழவியளுக்கு முதுமையே இல்லை. இந்தத் துறை அவையளை மான்குட்டி மாதிரிப் பாய வைக்குது!"

நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். வெளியூர் அதிகாரி உருகிப்போனார்.

"குறை சொல்லாத சனத்தை இண்டைக்குத்தான் பார்க்கிறன். அப்ப திருத்த ஒண்டும் இல்லை" என்று எழுந்தார்.

புகழ்மாலையாரின் முகம் வெளிறியது. "ஐயா... அது வந்து..." புகழ மட்டும் பழகிய வாய்க்கு முறையிட வரவில்லை.

நாலு பேர் முன்னால் பேசியறியாதவள் நான். படகு போனால் படியும் போய்விடும் என்ற பயத்தில் எழுந்துவிட்டேன்.

"ஐயா, படி உடைஞ்சு போச்சு. எனக்கு ஏற ஏலாது."

"அப்ப இவர் புகழ்ந்தது?"

"அது அவர் ஏசுற விதம், ஐயா!"

அதிகாரி தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டு, உடைந்த படியிலிருந்து படகுக்குத் தானே ஒரு மான்குட்டிப் பாய்ச்சல் பாய்ந்தார். இரண்டு சப்பாத்தும் நனைந்தன. படி வந்தது.

இப்போதும் நான் கிளினிக் போகும் காலைகளில், புகழ்மாலையார் அந்தப் புதுப் படியில் கையை நீட்டியபடி நிற்பார்.

"உங்களுக்காக எண்டு நினைச்சுப்போடாதேங்கோ, அக்கா. படியின்ர வடிவைப் பார்க்க வந்தனான்."

"ஓம், வடிவான படிதான்" என்பேன். படகில் ஏறி அமரும்வரை அந்தக் கையை விடமாட்டேன்.