திண்டிவனத்துக்கு ஒரு இருமல்

இந்த வீட்டில் பவர் யாரிடம் இருக்கிறது என்பதை நிலைநாட்டியே தீருவது என்று முடிவு செய்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் தமிழ்மொழிக்கு வகுப்பில் போர்டு சரியாகத் தெரியவில்லை, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள், கண்ணைக் காட்டுங்கள் என்று புனிதா டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி பாஞ்சாலி அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். நான் வாசலை மறித்தேன். கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் எங்கள் வம்சத்தில், தாத்தா முதல் என் வரைக்கும், எவன் மூக்கிலும் கண்ணாடி ஏறியதில்லை. என் மகளுக்கு மட்டும் ஏறுமா? உண்மையில் எனக்குப் பயம். சோடாபுட்டி என்று நாலு பேர் அவளைக் கூப்பிட்டால் என்னால் தாங்க முடியாது. பயத்தை வெளியே சொன்னால் பவர் போய்விடும். அதனால் பொன்னாங்கண்ணிக் கீரை போதும் என்று உத்தரவு போட்டேன்.

தின்று தின்று வீட்டில் எல்லார் பல்லும் பச்சையானது. போர்டு மட்டும் தெரியவில்லை.

"உங்க பவரு எனக்குத் தெரியாதா?" என்றாள் பாஞ்சாலி, ரொம்ப அடக்கமாக. அந்த அடக்கத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். "சனிக்கெழம திண்டிவனத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறோமில்ல. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல பாப்பா தூரத்துலேர்ந்து பஸ் போர்டப் படிக்கட்டும். கரெக்டா சொன்னா இந்தப் பேச்ச வுட்டுடறேன். தப்பா சொன்னா நேரா கண் ஆஸ்பத்திரி."

ஒத்துக்கொண்டேன். மகளை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய் ஒரு சங்கேதம் சொல்லிக் கொடுத்தேன். விழுப்புரத்தில் பாதி பஸ் 'தி'யில்தான் ஆரம்பிக்கும். ஒரு இருமல் என்றால் திண்டிவனம். இரண்டு என்றால் திருக்கோவிலூர். மூன்று என்றால் திருவண்ணாமலை. தும்மினால் திருச்சி.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் ஒரு பஸ் வந்து நின்றது. அதைப் படிக்கச் சொன்னாள் பாஞ்சாலி. எனக்கு முதல் எழுத்து 'தி' என்று பளிச்சென்று தெரிந்தது. மிச்சத்தை அனுபவம் படித்துக்கொண்டது. ஒருதரம் இருமினேன்.

"திண்டிவனம்," என்றாள் மகள்.

மீசையை முறுக்கினேன். பாஞ்சாலி தோற்றுப்போனவள் மாதிரி தலையை ஆட்டி, என்னிடம் ஒரு இருமல் மிட்டாயை நீட்டினாள். அந்த பஸ்ஸிலேயே இடம் பிடிக்கலாம் என்று அவசரப்படுத்தினாள். ஓடிப்போய்ப் பின்பக்கப் படியில் ஏறி உட்கார்ந்தோம்.

கண்டக்டர் வந்தார். மூன்று திண்டிவனம் கேட்டேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

"இது திருக்கோவிலூர் வண்டிங்க. போர்டப் பாத்து ஏற மாட்டீங்களா? ஜல்தி எறங்குங்க."

இறங்கியதும் தமிழ்மொழியை முறைத்தேன். பாஞ்சாலி குறுக்கே வந்தாள். கொட்டகை ரகசியம் அன்றைக்கே சமையல்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பாப்பாவ எதுக்கு மொறைச்சிக்கினு நிக்கிறீங்க? அவ உங்க இருமலக் கேட்டுச் சொன்னா. நீங்க எதப் பாத்து இருமினீங்க?"

வாயில் மிட்டாய் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இவ்வளவு நாள் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டார்.

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்," என்றாள்.

நானும் இத்தனை வருஷம் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கு வேண்டுமானால் போடுங்கள், எனக்கு வேண்டாம், எங்கள் வம்சத்தில் என்று ஆரம்பித்தேன். அதற்குள் என்னையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சோதித்து முடித்த டாக்டரம்மா சிரித்தார். "ரெண்டு பேருக்குமே கண்ணாடி வேணும். இதுல அப்பாவுக்குத்தான் பவர் ஜாஸ்தி."

"அதத்தான் டாக்டர் வூட்லயும் சொல்லிக்கினு இருந்தாரு," என்றாள் பாஞ்சாலி.