மாமன் கடித்த ஊதுமுனை

சுரங்கத்துப் பேய்மாமனுக்கு பொலிவியாவின் ஒருரோ ஊரில் கோகா இலை வைப்பார்கள், சாராயம் தெளிப்பார்கள். அந்த மாமன் ட்ரம்பெட்டின் ஊதுமுனையைக் கடித்து வரம் தருகிறான் என்று மட்டும் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஊதுமுனை விற்கும் காசிமிரோ வந்து சொன்னார். கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் தெருமுனை வரை வரிசையிலும் நின்றார்கள்.

அத்தாட்சி? விளிம்பு கோணல். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் ஒல்லி. பட்டறைக்காரன் குடித்துவிட்டு வார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். திருவிழா நேரத்தில் அதையெல்லாம் யார் நினைப்பார்கள்?

ஊர் பேண்டில் ட்ரம்பெட் ஊதும் செனோபியாவும் முன்பே ஒன்று வாங்கியிருந்தாள். முதலில் உதடு வழுக்கியது. காற்று ஓரமாகக் கசிந்து, ஈரத்துணி கிழிவதுபோல் சத்தம் வந்தது.

"உன் பாவம் வெளியேறுதும்மா," என்றார் காசிமிரோ.

எந்தப் பாவம் என்று மனசுக்குள் துழாவினாள். நாலைந்து அகப்பட்டன, எதற்கும் இவ்வளவு சத்தம் வராது. விடாமல் ஊதினாள். உதட்டைக் கீன்வா தானிய மணியளவு இடப்பக்கம் நகர்த்தினாள், தாடையைத் தளர்த்தினாள். ஒருநாள் சுரம் வழிந்தோடி வந்தது. மாமனுக்கு நன்றி சொன்னாள். தனக்கே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

இப்போது காசிமிரோ புதுக் குண்டைப் போட்டார். கடியின் வீரியம் தீரப்போகிறதாம்; மாமனுக்குத் தங்கம் வைத்துப் புதுப்பிக்காதவர்கள் ஊர்வலத்தில் ஊமையாவார்களாம். அப்படிப்பட்டவர்களுக்கு முன்வரிசை கிடையாது என்று பேண்டு மாஸ்டரும் சொல்லிவிட்டார். செனோபியா தன் ஒரே தங்கமான தோட்டைக் கழற்றினாள்.

"அண்ணி, கொஞ்சம் பொறு," என்று தடுத்தாள் நாத்தனார் ருஃபினா. அதே பேண்டில் ட்யூபா ஊதுகிறவள். "ஐயா, சக்தி பித்தளையிலயா, ஊதுறவ வாயிலயா?"

"பித்தளையிலதான்! கழுதை ஊதினாலும் பாடும்!"

"கழுதைக்கு நான் எங்க போவேன்? நீங்களே ஊதுங்க."

"நான் விரதம்."

"சாராய வாடையோட என்னய்யா விரதம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியில்லாமல், அப்போதுதான் புதுப்பித்த முனையை மாட்டி ஊதினார். வயிறு கெட்ட லாமா மிருகம்போல் அது முனகியது. உள்ளேயிருந்து பூசைக்குத் தூவிய காகிதத்தூள் பறந்தது.

ருஃபினா அவர் மூட்டையில் கைவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"அத வைடி! அது வெறும் பித்தளை. மாமன் இன்னும் கடிக்கவே இல்ல!"

"கடிக்காமலே கோணலா இருக்கே ஐயா!"

அதைச் செனோபியாவிடம் நீட்டினாள். செனோபியா அதை ட்ரம்பெட்டில் மாட்டினாள். வராவிட்டால்? வந்துவிட்டால்? இரண்டாவதுதான் அதிகம் பயமுறுத்தியது. உதட்டைக் கீன்வா மணியளவு நகர்த்தி ஊதினாள்.

தெருவே ஆடத் தொடங்கியது. பேண்டு மாஸ்டர் தொப்பியை வீசி, "முன்வரிசைக்கு வாம்மா!" என்று கத்தினார். காசிமிரோ கூட்டம் பீய்ச்சிய திருவிழா நுரை முகமெல்லாம் வழிய ஓடினார்.

"மாமன் இவளுக்கு நேர்லயே வந்து அருள் குடுத்துட்டான்!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செனோபியா ட்ரம்பெட்டை இறக்கினாள். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கண்ணே. முதல்ல வலிக்கும். போகப்போகப் பழகிடும்."